எம்.பி.பி.எஸ். முதலாண்டில் இத்தனை பெண்கள், எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) நாற்காலியில் எத்தனை பேர்?

2024 நீட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 24 லட்சம் பேர். அதில் 13 லட்சத்துக்கும் மேல் பெண் பிள்ளைகள். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பின் வாசல் பெண்களுக்குத் திறந்து ரொம்ப காலமாகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1912-ல் முத்துலட்சுமி ரெட்டி அங்கே பட்டம் வாங்கிவிட்டார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கு மட்டுமே. ஆண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1947-ல்தான்.

மேலே போகப் போகத்தான் ஆள் குறைகிறது. உலக சுகாதாரப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள், தலைமைப் பொறுப்புகளில் 25 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கணக்குக் காட்டியது. டெல்லி எய்ம்ஸ் 1956-ல் தொடங்கியது; அதன் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த ஒரே பெண் ஸ்னேஹ் பார்கவா, 1984 முதல் 1990 வரை.

நடுவில் என்ன ஆகிறது? "கல்யாணம், குழந்தைன்னு வந்துட்டா அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் போயிடுது சார்" என்பது ஸ்டாஃப் ரூமில் வழக்கமாகக் கேட்கும் பதில். நாங்கள் பார்த்தவரை ஆர்வம் போய் விலகியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்களைத் தள்ளிவிட்டது டியூட்டி ரோஸ்டர் (யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியல்), எக்ஸ்டென்ஷன் ஆர்டர் (பயிற்சி நீட்டிப்பு ஆணை), ஒப்பந்தத்தில் கவனிக்காமல் கையெழுத்திட்ட ஒரு வரி, ஆபரேஷன் தியேட்டரில் கிடைக்காத ஆறரை சைஸ் கையுறை. இதில் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அதனால் மாற்றவும் முடியும்.

முதலில் வயதுக் கணக்கு. பதினெட்டில் சேர்ந்தால் நாலரை வருடப் படிப்பும் ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடிய 23 ஆகிவிடும். முதுநிலைப் படிப்புக்கான பி.ஜி. நீட்டுக்கு ஒரு வருடம் போனால் 24, எம்.டி. அல்லது எம்.எஸ். முடிக்க 27. சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்றால் இன்னும் மூன்று வருடம், நடுவில் சீனியர் ரெசிடென்ட் வேலை, பாண்டு (படிப்பு முடிந்ததும் அரசுக்குக் கட்டாயமாகச் செய்ய வேண்டிய பணி). முதல் நிரந்தரமான இடத்தில் உட்காரும்போது 31, 32. பிள்ளை பெறும் வயதும் பயிற்சி வயதும் அப்படியே ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. ஆகவே கர்ப்பம் என்பது பயிற்சிக்கு நடுவே வந்த 'இடைஞ்சல்' இல்லை. எல்லா வருடமும் எல்லா டிபார்ட்மென்ட்டிலும் நடக்கப் போகிற விஷயம். பன்னிரண்டு பி.ஜி. மாணவர்களில் ஏழு பேர் பெண்கள் என்றால் மூன்று வருடத்தில் இரண்டு மூன்று மகப்பேறாவது வரும் என்று வைத்தே ரோஸ்டர் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி அடைவது நிர்வாகத்தின் தவறு.

கிளை எடுக்கும் நேரம்

பி.ஜி.யில் எந்தக் கிளை என்று முடிவாகும் கவுன்சலிங் அன்று வீட்டில் நடக்கும் பேச்சு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். "டெர்ம் (தோல்) எடும்மா, ரேடியோ (எக்ஸ்ரே, ஸ்கேன்) எடும்மா, ஆர்த்தோ (எலும்பு) எல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு, நைட் டியூட்டி இருக்கும்." இதே வீட்டில் ஓ.ஜி. (மகப்பேறு, மகளிர் மருத்துவம்) எடுத்தால் சந்தோஷப்படுவார்கள். நைட் டியூட்டியும் எமர்ஜென்சியும் மிக அதிகமாக உள்ள கிளைகளில் ஒன்று ஓ.ஜி. நள்ளிரவு இரண்டு மணிக்கு எல்.எஸ்.சி.எஸ். (சிசேரியன்), மூன்று மணிக்கு பி.பி.எச். (பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு) என்று ஓடுகிறவர்கள் நம் ஊரில் பெரும்பாலும் பெண்கள்தான். உடம்பு தாங்காது என்ற வாதம் அங்கேயே செத்துவிடுகிறது. ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவரான டி.எஸ்.கனகா 1960-களிலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் மண்டையோட்டைத் திறந்துகொண்டிருந்தார். இதற்கு மறுபக்கமும் உண்டு: ஓ.ஜி.யில் ஆண் பி.ஜி.க்கள் ஏறக்குறைய காணாமல் போய்விட்டார்கள். அதுவும் சமநிலை இல்லை.

கிளை எடுப்பதன் விளைவு இருபது வருடம் கழித்துத் தெரியும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர்களாக வந்த பெண்களைப் பாருங்கள்: லலிதா காமேஸ்வரன் மருந்தியல், கீதாலட்சுமி நுண்ணுயிரியல், சுதா சேஷய்யன் உடற்கூறியல். மூவருமே திறமையால் வந்தவர்கள், சந்தேகமில்லை. ஆனால் மூன்றும் கையில் கத்தியோ இரவு கால் டியூட்டியோ இல்லாத துறைகள் என்பது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கிளினிக்கல் பக்கம் முன்னுதாரணமாக எல்லோரும் சொல்வது அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வி.சாந்தாவை. அவர் மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்தவர். அப்படி வாழ்ந்தால்தான் தலைமைக்கு வரலாம் என்றால், அந்த நிபந்தனையை ஆண்களிடம் யாரும் கேட்பதில்லையே.

சர்ஜரி, ஆர்த்தோ எடுத்து உள்ளே வந்த பெண்களை விரட்டுவது பல நேரம் தியேட்டர் சாமான்கள். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே செய்யும் அறுவை) கருவியின் கைப்பிடி முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். டேபிளை ஆறடி உயர சீஃபுக்கு ஏற்றபடி வைத்துவிட்டால், ஐந்தடி உயரமுள்ள பி.ஜி. இரண்டு மணி நேரம் தோளைத் தூக்கிக்கொண்டே நிற்பார். மறுநாள் கழுத்து பிடித்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து "சர்ஜரி எனக்கு செட் ஆகல" என்பார். ஆபரேட் செய்பவரின் உயரத்துக்கு டேபிளை இறக்கிவிட்டுத்தான் டிரேப் (நோயாளியை மூடும் துணி) போட வேண்டும். இறக்கியும் போதாதென்றால் ஸ்டூல். அதிலும் ஒரு சூட்சுமம்: குறுகலான ஸ்டூலில் ஏறி நின்றால் டயதெர்மி (மின்சாரத்தால் வெட்டி ரத்தத்தை அடைக்கும் கருவி) பெடல் கீழே தரையில் கிடக்கும், கால் எட்டாது. இரண்டு பாதமும் பெடலும் சேர்ந்து நிற்கிற அளவுக்கு அகலமான மேடை வேண்டும். தச்சரிடம் சொன்னால் ஒரே நாளில் செய்து தருவார்.

கையுறை இன்னும் எளிது. 7, 7½ அலமாரி நிறைய இருக்கும். 6, 6½ மாதத்தின் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். பெரிய சைஸ் போட்டால் விரல் நுனியில் ரப்பர் மடிந்து, முடிச்சு போடும்போது நூலோடு சேர்ந்து மாட்டும். பார்ப்பவருக்குக் கை பழகவில்லை என்று தோன்றும். யூனிட்டில் எத்தனை பேருக்கு எந்த சைஸ் என்று எழுதி, தியேட்டர் சிஸ்டரிடம் இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போடும் தேதிக்கு முன்னால் கொடுங்கள். போன மாதக் கணக்கைப் பார்த்தே இந்த மாத இன்டென்ட் போவதால், சொல்லாவிட்டால் ஒருபோதும் மாறாது.

ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் கருவி பற்றிய பயம்தான் ஆர்த்தோ, யூரோ (சிறுநீர்ப்பாதை), கார்டியாலஜி மூன்றிலும் பெண்களை அதிகம் விலக்குகிறது. கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு கருவுக்குப் போகும் கதிர்வீச்சு, மீதமுள்ள காலம் முழுவதற்கும் சேர்த்து 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டாமல் வேலை செய்ய முடியும். வழக்கமாக மார்பில் குத்தும், கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜோடு இன்னொன்றை ஈய ஏப்ரனுக்கு உள்ளே வயிற்றருகில் குத்திக்கொள்ளுங்கள். ஏப்ரன் 0.5 மில்லிமீட்டர் ஈயத்துக்கு இணையானதாக, பாவாடையும் மேல்சட்டையுமாக இரண்டு துண்டாக இருந்தால் எடை தோளை விட்டு இடுப்புக்குப் போகும்; வயிறு பெருக்கும்போது பாவாடையைத் தளர்த்திக்கொள்ளவும் முடியும். எக்ஸ்ரே ட்யூப் பக்கம் நிற்காமல் எதிர்ப்பக்கம், படம் வாங்கும் தட்டு இருக்கும் பக்கம் நில்லுங்கள். படம் எடுக்கும் நொடியில் ஓரடி தூரத்திலிருந்து இரண்டடிக்குப் பின்வாங்கினாலே அளவு ஏறக்குறைய கால்பங்காகிவிடும். ஏப்ரனை மடித்து வைக்காதீர்கள். மடிப்பில் விரிசல் விட்டால் போட்டும் பயனில்லை.

இதில் தவறு நடப்பது ஒரே இடம்: தெரிவித்தால் கேஸில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து நான்கு மாதம் வரை சொல்லாமல் இருப்பது. கரு மிகவும் பாதிக்கப்படக்கூடிய காலம் அதற்குள் முடிந்துவிடும். சீஃப் செய்ய வேண்டியது, தெரிவித்த அன்றே "எந்தக் கேஸில் இருக்க விருப்பம், எதில் வேண்டாம்" என்று அந்தப் பெண்ணிடமே கேட்பது. அக்கறை என்ற பெயரில் கேட்காமல் தியேட்டர் லிஸ்டிலிருந்து பேரை அடிப்பதும் தண்டனைதான்.

பி.ஜி. நடுவில் கர்ப்பம்

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகள்படி பி.ஜி. மாணவிகளுக்கு அரசு விதிகளின்படியான மகப்பேறு விடுப்பு உண்டு. வருடத்துக்கு 20 நாள் விடுப்பும், அதன் மேல் 5 நாள் கல்வி விடுப்பும் தனி. 80 சதவீத வருகை வேண்டும். அனுமதித்ததற்கு மேல் விடுப்பு போனால் அத்தனை நாள் பயிற்சி நீளும். சிக்கல் நீளும் நாட்களில் இல்லை, அந்த நாட்கள் எதன் மேல் போய் மோதுகின்றன என்பதில் இருக்கிறது. பரீட்சை நம் வசதிக்கு வராது. ஒரு வாரம் குறைந்தாலும் அடுத்த பரீட்சைக்குத்தான் உட்கார முடியும். அதனால் சூப்பர் ஸ்பெஷாலிட்டி நீட்டின் தகுதித் தேதி தவறினால் ஆறு மாத விடுப்புக்கு ஒரு வருடம் போய்விடும்.

ஆகவே விடுப்பு விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு தாளில் நான்கு தேதி எழுதுங்கள்: பிரசவ நாள், தீசிஸ் (ஆய்வேடு) கொடுக்க வேண்டிய நாள் (பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பு), மாவட்ட மருத்துவமனைப் பயிற்சியின் மூன்று மாதம், பரீட்சைக்குத் தகுதி பெறும் கடைசி நாள். மாவட்டப் பயிற்சி 3, 4, 5-ஆம் செமஸ்டர்களுக்குள் முடிய வேண்டும். அதை முடிக்காமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பலருக்கு இடிப்பது இங்கேதான். பிரசவம் நான்காம் செமஸ்டரில் என்றால், மாவட்டப் பயிற்சியை மூன்றாவதிலேயே போட்டுத் தரும்படி எச்.ஓ.டி.யிடம் எழுத்தில் கேளுங்கள். தீசிஸுக்கு நோயாளிகளைச் சேர்ப்பது விடுப்பில் நின்றுவிடும் என்பதால், எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கும்போதே யார் உங்களுக்குப் பதில் சேர்ப்பார் என்று ஒரு துணை வழிகாட்டியை (கோ-கைடு) போட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் எச்.ஓ.டி. வழியாக டீனுக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் போக வேண்டும். "போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் போனவர்களுக்குத்தான் ஹால் டிக்கெட் நேரத்தில் வருகைக் குறைவு என்று வரும். அந்த எச்.ஓ.டி. அதற்குள் டிரான்ஸ்ஃபரில் போயிருப்பார். டீன் கையெழுத்திட்ட விடுப்பு ஆணை, திரும்பச் சேர்ந்த நாளின் ஜாய்னிங் ரிப்போர்ட், நீட்டிப்பு எத்தனை நாள் என்ற ஆணை, மூன்றும் கையில் இருக்க வேண்டும். விடுப்புக் காலத்துக்கும் நீட்டிப்புக் காலத்துக்கும் உதவித்தொகை எப்படி என்பதையும் போகுமுன் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி ரோஸ்டர். கர்ப்பிணி பி.ஜி.யின் மீது சக பி.ஜி.க்களுக்குக் கோபம் வருவது உண்மை. "அவங்களுக்கு டெலிவரி, எங்களுக்கு டியூட்டி" என்ற முணுமுணுப்பு எல்லா ஹாஸ்டலிலும் கேட்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கோபத்தின் ஊற்று தெரியும். ஒரு யூனிட்டில் ஆறு பி.ஜி. இருந்தால் மாதம் ஆளுக்கு 5 நைட். ஒருவர் போனால் 6. ஒரே ஒரு நைட் கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் யூனிட்டில் மூன்றே பேர் என்றால் 10 நைட் 15 ஆகிவிடும். அதை யாராலும் பொறுக்க முடியாது. ஆகவே தீர்வு, அந்த ஆறு மாதத்துக்கு இரண்டு மூன்று யூனிட்டுகளின் நைட் டியூட்டியை ஒன்றாகச் சேர்த்துப் போடுவது. இதற்குப் புது ஆளும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். யூனிட் சீஃப்கள் தங்கள் பி.ஜி.யை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதால்தான் நடப்பதில்லை.

கடைசி இரண்டு மாதம் நைட் பார்க்க முடியாதபோது பகல் ஓ.பி., டிஸ்சார்ஜ் சம்மரி, ப்ரீ-ஆப் (ஆபரேஷனுக்கு முந்தைய) வேலை என்று அந்தப் பெண் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சுவரில் ஒட்டும் ரோஸ்டரிலேயே எழுதுங்கள். எழுதாமல் செய்யும் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: திரும்பி வந்ததும் விட்ட நைட்டுகளை எல்லாம் வரிசையாகப் போட்டுக் 'கடன் தீர்ப்பது'. பால் கொடுக்கும் தாய்க்குத் தொடர்ந்து மூன்று நைட் என்றால் பால் கட்டிக் காய்ச்சல் வந்துவிடும், அப்புறம் அதற்கு ஒரு விடுப்பு. கறந்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். டியூட்டி ரூமில் தாழ்ப்பாள் உள்ள ஒரு மூலையும் சின்ன ஃப்ரிட்ஜும் போதும். 2015-லேயே தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளில் தாய்ப்பால் ஊட்டும் அறை வந்துவிட்டது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று ஓ.பி.யில் சொல்லும் டாக்டருக்கு இன்னும் பல இடங்களில் கழிவறைதான்.

இரவு

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். நீண்ட டியூட்டிக்கு நடுவே அவர் ஓய்வெடுக்கப் போனது செமினார் ஹாலுக்கு. அதன் பிறகு பெண் டாக்டர்களுக்கு நைட் டியூட்டியை முடிந்தவரை தவிர்க்கலாம் என்று மேற்கு வங்க அரசு சொன்னதை உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே கண்டித்தது. கண்டித்தது சரி. எமர்ஜென்சி கேஸ்கள் வருவது இரவில்; கை தேறுவது அங்கே. நைட்டை விட்டால் லாக் புக் (செய்த கேஸ்களின் பதிவேடு) மெலியும், மெலிந்த லாக் புக்கைக் காட்டியே அடுத்த வாய்ப்பை மறுப்பார்கள்.

கேட்க வேண்டியது வேறு: வார்டு இருக்கும் அதே மாடியில் பெண்களுக்குத் தனி டியூட்டி ரூம், உள்ளே தாழ்ப்பாள், ஒட்டிய கழிவறை, நடைபாதையில் எரிகிற விளக்கு. மத்திய அரசின் 1992 ரெசிடென்சி உத்தரவு டியூட்டி வழக்கமாகத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்தையும் வாரம் 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று சொல்கிறது. அதை யாரும் மதிப்பதில்லை என்பது ஊரறிந்தது. பாலியல் தொந்தரவுக்கு உள்ளகக் குழு 2013 சட்டப்படி கட்டாயம். புகாருக்கு மூன்று மாதக் கெடு, காரணம் காட்டினால் இன்னொரு மூன்று மாதம். குழுவின் வெளி உறுப்பினர் யார் என்று அறிவிப்புப் பலகையில் பாருங்கள். பெயர் இல்லையென்றால் குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு

தமிழக அரசுப் பணியில் பெண்களின் நிலை ஒப்பீட்டளவில் நல்லது. 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். நேரடி நியமனத்தில் மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடம் பணியில் இருந்தால்தான் தகுதிகாண் பருவம் முடியும் என்பதால், முன்பெல்லாம் விடுப்பில் போனவர்கள் பதவி உயர்வில் பின்தங்கினார்கள். அந்த விடுப்பும் தகுதிகாண் காலத்தில் சேரும் என்று 2025-ல் அரசு அறிவித்தது. பி.ஜி. பாண்டில் இருப்பவர்களுக்கும் மகப்பேறு விடுப்பை பாண்டு காலமாகவே கணக்கிட வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்திருக்கிறது. செக்‌ஷனில் (அலுவலகப் பிரிவில்) இது தெரியாமல் பழைய கணக்கையே போடுவார்கள். ஆணையின் நகலோடு போங்கள். ஒப்பந்தப் பணியாளர்களுக்கு 12 மாதம் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம்.

தனியாரில்தான் கால் வழுக்கும். சட்டப்படி முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். ஆனால் இதெல்லாம் 'ஊழியருக்கு'. பெரும்பாலான மருத்துவமனைகள் டாக்டரை கன்சல்டன்ட் என்று எழுதி, தொழில்முறைக் கட்டணமாகப் பணம் கொடுத்து, அதற்கான பிரிவில் 10 சதவீதம் வரி பிடிக்கும். அப்படியானால் நீங்கள் ஊழியர் இல்லை என்றே அவர்கள் வாதிடுவார்கள். சேரும்போது வரி எந்தப் பிரிவில் பிடிக்கிறார்கள் என்று கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கன்சல்டன்ட்டாகத்தான் எடுப்பார்கள் என்றால் மூன்றை ஒப்பந்தத்தில் எழுதிவாங்குங்கள்: விடுப்பில் எத்தனை வாரத்துக்கு எவ்வளவு தொகை, திரும்பியதும் பழைய ஓ.பி. நேரம், திரும்பிய முதல் ஆறு மாதத்துக்கு மினிமம் கேரண்டி (குறைந்தபட்ச வருமான உறுதி). மூன்றாவது மிக முக்கியம். நீங்கள் இல்லாத நாட்களில் நோயாளிகள் அடுத்த டாக்டரிடம் பழகிவிடுவார்கள். அவர்கள் திரும்பிவர நான்கைந்து மாதம் ஆகும். அந்த மாதங்களில் வருமானம் விழுவதைப் பார்த்துத்தான் பலர் வீட்டோடு கிளினிக் என்று ஒதுங்குகிறார்கள்.

கல்லூரி ஆசிரியப் பணியில் ஏ.பி.யாக (உதவிப் பேராசிரியர்) நான்கு வருடம், இரண்டு ஆய்வுக் கட்டுரை, மருத்துவக் கல்விப் பயிற்சி, ஆய்வு முறைப் பயிற்சி இருந்தால்தான் அசோசியேட் (இணைப் பேராசிரியர்). வருடம் தானாக ஓடிவிடும், பெண்களுக்கு நிற்பது கட்டுரையில். ஆய்வு முறைப் பயிற்சி ஆன்லைன். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்துவது. பி.ஜி.யிலேயே முடித்திருந்தால் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். கல்விப் பயிற்சிக்கு நேரில் போக வேண்டும், இடம் கிடைக்கக் காத்திருக்கவும் வேண்டும். சேர்ந்த முதல் வருடமே பேர் கொடுத்துவிடுங்கள். முதல் கட்டுரைக்கு உங்கள் தீசிஸே போதும், பி.ஜி. கல்லூரியை விட்டுப் போகுமுன் அனுப்பிவிட்டால். கட்டுரையின் முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருந்தால்தான் கணக்கில் வரும் என்பதால், பெயர் வரிசையைத் தகவல் சேகரிக்கும் முன்பே மின்னஞ்சலில் பேசி முடியுங்கள். மகப்பேறு விடுப்பில் இருப்பவரின் பெயர் ஐந்தாவது இடத்துக்கு இறங்குவது சர்வசாதாரணம்.

இன்னொன்று கமிட்டி. பெண் ஆசிரியர்களுக்கு ஹாஸ்டல் வார்டன், பெண்கள் குழு, கல்ச்சுரல்ஸ்; ஆண்களுக்குக் கொள்முதல், கருவிப் பராமரிப்பு, ஆய்வுக்கு வரும் குழுவுக்கான கோப்பு தயாரிப்பு. பத்து வருடம் கழித்து கண்காணிப்பாளர் பதவிக்கு ஆள் தேடும்போது "டெண்டர் பார்த்த அனுபவம் இருக்கா?" என்பார்கள். யாருக்கு இருக்கும்? டீன்கள் கமிட்டிப் பட்டியலை வருடா வருடம் சுழற்றினால் போதும். சுழற்றாத இடத்தில் அடுத்த சர்க்குலர் வரும்போது, வார்டன் வேலைக்குத் தலையாட்டுமுன் கொள்முதல் கமிட்டியில் ஓர் இடம் கேளுங்கள், எழுத்தில்.